டிசைன்-பில்ட் வேலையில் டிசைன் மேனேஜர் எதற்கு?

கேள்வி, ஜூன் 2

எங்கள் நிறுவனம் முதல்முறையாக ஒரு மருத்துவமனைக் கட்டடத்தை டிசைன்-பில்ட் முறையில் எடுத்திருக்கிறது. நான் இதுவரை பார்த்ததெல்லாம் ஐட்டம் ரேட் வேலை. வரைபடம் வரும், கட்டுவோம், அளப்போம், பில் போடுவோம். இப்போது வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே கையில் இருப்பதால் ஒருங்கிணைப்புத் தலைவலியே இருக்காது என்கிறார் எங்கள் மேலதிகாரி. டிசைன் மேனேஜர் என்று தனியாக ஓர் ஆளை வைப்பது வீண் செலவு, சைட் பொறியாளரே கன்சல்டன்டிடம் வரைபடங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், ஜூன் 2, இரவு

ஒரே கை என்பது கையெழுத்துப் பக்கத்தில் மட்டும்தான். உள்ளே ஆர்க்கிடெக்ட் ஒரு நிறுவனம், ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் இன்னொன்று, ஏ.சி., மின்சாரம், பிளம்பிங் வேறொன்று. மருத்துவமனை என்பதால் மெடிக்கல் கேஸ் குழாய்க்குத் தனி ஆள். இவர்கள் எல்லோருக்கும் உங்கள் நிறுவனம்தான் இனி வாடிக்கையாளர். ஐட்டம் ரேட்டில் வரைபடம் தாமதமானால் கடிதம் எழுதிவிட்டுக் கால நீட்டிப்புக் கேட்பீர்கள். இதில் யாருக்கு எழுதுவீர்கள்? உங்களுக்கே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

சைட் பொறியாளரே வாங்கிக்கொள்ளலாம் என்பதைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அவர் நாளைக்குக் கான்கிரீட் போடுவதற்கு வேண்டிய வரைபடத்தைத்தான் கேட்பார். நான்கு மாதம் கழித்து அந்தக் கான்கிரீட்டில் எங்கே துளை வேண்டும் என்று கேட்க அவருக்கு நேரமும் இல்லை, அது அவர் வேலையும் இல்லை.

ஜூன் 3, காலை

நேற்று எழுதியது பாதிதான். கன்சல்டன்ட்களை மேய்ப்பது சிறிய தலைவலி. பெரிய தலைவலி எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: உரிமையாளரின் பொறியாளர் அனுப்பும் கமெண்ட் ஷீட்.

நீங்கள் வரைபடம் சமர்ப்பிக்கிறீர்கள். திரும்பி வரும்போது கோடு (குறியீட்டு எண்) ஒன்று, இரண்டு, மூன்று என்று முத்திரை விழும். ஒன்று என்றால் ஆட்சேபம் இல்லை. மூன்று என்றால் திருத்தி மறுபடியும் கொண்டுவா. இந்த இரண்டிலும் குழப்பம் கிடையாது. ஆபத்து கோடு இரண்டு: கருத்துகளைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். நல்ல செய்தி என்று சைட்டில் கம்பி கட்டத் தொடங்கிவிடுவார்கள். கூட வந்த பட்டியலில் 40 வரி இருக்கும். அவற்றில் மூன்று வரி உண்மையான ஒப்பந்த மீறல், ஐந்து வரி விதிமுறைப் பிழை, மீதி எல்லாம் அந்தப் பொறியாளரின் சொந்த விருப்பம். கதவு இந்தப் பக்கம் திறக்கலாமே, இந்தத் தாழ்வாரம் இன்னும் அகலமாக இருக்கலாமே, ஏன் இரட்டைப் பம்பு வைக்கக் கூடாது.

டிசைன்-பில்ட் விலை முன்பே முடிவான மொத்த விலை. அந்த விருப்பங்களை வாயைத் திறக்காமல் வரைபடத்தில் சேர்த்துவிட்டால் அவை இலவசம். எந்தக் கடிதமும் இல்லாமல் உங்கள் கட்டடம் டெண்டரில் போட்டதைவிடப் பெரிதாகிவிடும். அதனால் முதல் வேலையாக ஒவ்வொரு கருத்தையும் மூன்றில் ஒரு கூடையில் போட வேண்டும்: ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவைக் காட்டுகிறார், எந்த ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய) விதியைக் காட்டுகிறார், இரண்டும் இல்லையா. மூன்றாவது கூடையில் விழுவதற்கு நம் பதில் மரியாதையான ஒரே வரி: “இது ஒப்பந்தத் தேவைக்குக் கூடுதல், வேண்டுமென்றால் மாறுதல் ஆணை தாருங்கள், விலையும் காலமும் தருகிறோம்.” பத்தில் எட்டு கருத்துகள் அந்த வரியைப் பார்த்தவுடன் திரும்பிப் போய்விடும்.

இந்த வரியை எழுதத் துணிச்சல் உள்ள ஆளுக்குத்தான் டிசைன் மேனேஜர் என்று பெயர். கன்சல்டன்ட் எழுத மாட்டார். அடுத்த வேலையை அந்த உரிமையாளரிடமிருந்தே எதிர்பார்ப்பார்.

ஜூன் 3, மாலை

“உரிமையாளரே வரைபடத்தைப் பார்த்து முத்திரை போட்டுவிட்டால் பொறுப்பு அவருக்கு மாறிவிடுமே” என்று ஒரு நண்பர் கேட்கிறார்.

மாறாது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கான மாதிரி இ.பி.சி. (வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம் மூன்றும் ஒரே ஆளிடம்) ஒப்பந்தத்தையே எடுத்துப் பாருங்கள். அரசுப் பக்கத்துப் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்து 15 நாட்களுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். பெரிய பாலம் போன்றவற்றுக்கு 30 நாட்கள் வரை நீளலாம். அதற்குள் சொல்லாவிட்டால் ஒப்பந்ததாரர் காத்திருக்க வேண்டியதில்லை, தன் பொறுப்பில் தொடரலாம். கருத்துச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வடிவமைப்புப் பொறுப்பு ஒப்பந்ததாரரிடமே நிற்கும். முத்திரை போடுகிறவருக்கு அதிகாரம் உண்டு, பொறுப்பு கிடையாது. நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

ஜூன் 5

மருத்துவமனை என்றதால் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். இது எல்லாத் திட்டத்துக்கும் பொருந்தும், ஆனால் மருத்துவமனையில்தான் கடுமையாகக் கடிக்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் அடித்தளத்தை மண்ணுக்கு மேலே கொண்டுவந்துவிட வேண்டும் என்று எல்லோரும் துடிப்பார்கள். அதனால் மேல்மாடி வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே கீழே கான்கிரீட் போட்டுக்கொண்டிருப்போம். டிசைன்-பில்ட்டின் லாபமே இதில்தான் இருக்கிறது. இதைக் குறை சொல்ல மாட்டேன். எந்த வடிவமைப்பை முதலில் இறுதியாக்குவது என்பதில்தான் சிக்கல்.

புற்றுநோய்ப் பிரிவில் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரத்தை வைக்கும் பங்கரை, அதாவது கதிர் வெளியே கசியாத அறையை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுவர் சில இடங்களில் இரண்டு மீட்டரையும் தாண்டுகிற கான்கிரீட். இயந்திரத்தின் கதிர் ஆற்றல் 6 எம்.வி.யா (மெகாவோல்ட்), 15 எம்.வி.யா என்பதைப் பொறுத்துத் தடிமன் மாறும். 10 எம்.வி.க்கு மேல் போனால் நியூட்ரான் கணக்கும் சேரும். கதவே வேறு கதவாகிவிடும். அமைப்பு வரைபடத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். இயந்திரத்தை வாங்குவதோ உரிமையாளர், அதுவும் தனி டெண்டரில். அந்த டெண்டர் கட்டடம் பாதி எழும்பிய பிறகுதான் திறக்கப்படும். பங்கர் இருப்பதோ தரைக்குக் கீழே, நாம் முதலில் போட வேண்டிய கான்கிரீட்டில்.

எம்.ஆர்.ஐ. அறையும் இதே வகை. கவச உறைக்காகத் தளத்தைத் தாழ்த்திப் போட வேண்டும். காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் வெளியேற ஒரு குழாய் கட்டடத்துக்கு வெளியே திறந்தவெளிக்குப் போக வேண்டும். காந்தத்தை உள்ளே கொண்டுவரும் வழியில் ஒரு சுவரைக் கட்டாமல் விட வேண்டும். எந்த நிறுவனத்தின் இயந்திரம் என்று தெரியாமல் இதில் எதையும் முடிக்க முடியாது.

நான் இருந்த திட்டம் ஒன்றில் உரிமையாளர் பக்கம் “எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தும்படி வடிவமையுங்கள்” என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் பதில்: மூன்று தயாரிப்பாளர்களின் அறைத் தேவையையும் வாங்கி, ஒவ்வோர் அளவிலும் பெரியதை எடுத்து, அதற்கு ஆகும் கூடுதல் கான்கிரீட்டுக்கு விலை போட்டு, “இந்தத் தேதிக்குள் இயந்திரத்தைச் சொன்னால் இந்தச் செலவு வேண்டாம்” என்று அனுப்பினோம். தேதி இருந்ததால் கோப்பு நகர்ந்தது. உரிமையாளரிடமிருந்து முடிவு வேண்டும் என்றால் கேள்வியோடு தேதியையும், தேதி தவறினால் ஆகும் தொகையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வெறும் கேள்வி அனுப்பினால் அது கூட்டக் குறிப்பில் மாதக்கணக்கில் “நிலுவை” என்று படுத்திருக்கும்.

ஜூன் 6

“பி.ஐ.எம். மாடல் (கட்டடத்தின் முப்பரிமாணக் கணினி மாதிரி) போட்டால் மோதல்கள் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும், இவ்வளவு ஆள் எதற்கு” என்று கீழே ஒரு தம்பி.

மாடல் மோதலைக் காட்டும். யார் நகர வேண்டும் என்று சொல்லாது.

தாழ்வாரத்துக் கணக்கு ஒன்று பாருங்கள். தளத்துக்குத் தளம் 4,200 மி.மீ. மேலே தரைப் பூச்சுக்கு 75 போனது. பீம் ஆழம் 750. பீமின் அடி, முடிந்த தரையிலிருந்து 3,375. ஃபால்ஸ் சீலிங் 2,700 இல் இருக்க வேண்டும் என்று உரிமையாளர் தேவையில் எழுதியிருக்கிறது. இடைவெளி 675. ஏ.சி. டக்ட் காப்புறையோடு 500, அதைத் தாங்கும் ஆங்கிள் 50, ஸ்பிரிங்க்ளர் குழாயும் கேபிள் டிரேயும் 100, விளக்கு 100. மொத்தம் 750. எழுபத்தைந்து மி.மீ. குறைகிறது, அதாவது மூன்று அங்குலம்.

மாடல் இதைச் சிவப்பு நிறத்தில் அழகாகக் காட்டிவிடும். அதற்குப் பிறகு நடப்பது: ஏ.சி.க்காரர் “பீமை அகலமாக்கி ஆழத்தைக் குறையுங்கள்” என்பார். ஸ்ட்ரக்சுரல் “டக்டைத் தட்டையாக்குங்கள்” என்பார். தட்டையாக்கினால் அகலம் கூடும், தாழ்வாரத்தில் மெடிக்கல் கேஸ் குழாய்க்கு வைத்த இடம் போய்விடும்; காற்றுச் சத்தமும் ஏறும். ஆர்க்கிடெக்ட் “சீலிங் உயரத்தில் கை வைக்காதீர்கள்” என்பார். ஸ்பிரிங்க்ளர் குழாயைப் பீமுக்குள் ஸ்லீவ் (துளைக்குழாய்) வைத்துக் கடத்தலாம் என்பது நல்ல யோசனை, ஆனால் முதல் இரண்டு தளத்து பீம்கள் போன வாரமே வார்த்தாகிவிட்டன.

ஐட்டம் ரேட் வேலையில் இதை உரிமையாளரின் கன்சல்டன்ட் தலையில் கட்டிவிட்டு நாம் சாயா குடிக்கப் போகலாம். இங்கே நாலு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, யார் நகர்ந்தால் மொத்தச் செலவு குறைவு என்று பார்த்து, அந்த ஆளை நகரச் சொல்ல வேண்டும். நகர்கிறவருக்குக் கூடுதல் வேலைக்கான கட்டணத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுவார்கள்.

ஜூன் 6, சிறிது நேரம் கழித்து

“சீலிங்கை 2,625 ஆக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது” என்று ஒருவர். கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் வருகிற உதவிப் பொறியாளர் கட்டடத்தில் வேறு எதை அளக்கிறாரோ இல்லையோ, டேப்பை எடுத்துச் சீலிங்கை அளப்பார். அது கைக்கு எட்டுகிற அளவு.

ஜூன் 9

ஜூன் 3 அன்று எழுதிய 15 நாள் விஷயத்துக்கு ஒரு பின்குறிப்பு. “அப்படியானால் 16ஆம் நாள் வேலையைத் தொடங்கிவிடலாம்” என்று இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி தொடங்கலாம். நான் சாலை வேலையில் இருந்தபோது கல்வெர்ட் (சிறு பாலம்) போன்றவற்றுக்குத் தொடங்கியும் இருக்கிறோம். பைல் (நிலத்தில் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) போன்ற, பிறகு தோண்டி எடுக்க முடியாத வேலைக்குத் தொடங்கியதில்லை. தன் பொறுப்பில் என்ற சொல் முழு எடையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறது. 20ஆம் நாள் ஒரு கருத்து வந்து அது சரியான கருத்தாகவும் இருந்துவிட்டால், தாமதமாக வந்தது என்பதற்காக அந்தப் பைல் தாங்கும் சுமை கூடிவிடாது.

ஜூன் 11

“விதிமுறைப்படி வடிவமைத்தோம், சுயாதீன ஆய்வாளரும் ஒப்புதல் தந்தார், அதற்கு மேல் எங்களிடம் என்ன கேட்க முடியும்?” இந்தக் கேள்விக்கு ஒரு வழக்கே பதில். டிசைன்-பில்ட்டில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன்.

ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் சால்வே ஃபெர்த் என்ற கடல் வாய். அங்கே ராபின் ரிக் காற்றாலைப் பண்ணை. இ.ஆன் நிறுவனம் உரிமையாளர், எம்.டி. ஹோய்கார்ட் என்ற டென்மார்க் நிறுவனம் 60 காற்றாலைகளின் அடித்தளங்களை வடிவமைத்து நிறுவ ஒப்பந்தம் எடுத்தது. கடலடியில் அடித்து இறக்கிய எஃகுக் குழாய், அதன்மேல் இன்னொரு எஃகுக் குழாய், இரண்டுக்கும் நடுவே கிரவுட் என்ற நிரப்புக் கலவை. அந்த கிரவுட் இணைப்பு எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கிட டி.என்.வி. என்ற தரச்சான்று அமைப்பின் ஜே101 தரவிதி. ஒப்பந்தமே அந்தத் தரவிதியைப் பின்பற்றச் சொன்னது, பின்பற்றினார்கள். டி.என்.வி.யின் சான்றும் வாங்கினார்கள்.

அந்தத் தரவிதியின் ஒரு சமன்பாட்டிலேயே பிழை. ஒரு மதிப்பு ஏறத்தாழ பத்து மடங்கு தவறு. இணைப்பின் தாங்குதிறனை அது மிகவும் கூட்டிக் காட்டியது. 2009இல் வேலை முடிந்தது. அடுத்த ஆண்டே மேல்குழாய்கள் கீழே வழுக்கத் தொடங்கின. சரிசெய்ய 2.625 கோடி யூரோ.

இந்தத் தொகையை யார் தருவது? முதல் நீதிமன்றம் ஒப்பந்ததாரர் என்றது. மேல்முறையீட்டில் அவர் தப்பினார். 2017 ஆகஸ்டில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒப்பந்ததாரரே என்று முடித்துவிட்டது. காரணம், தொழில்நுட்பத் தேவைகள் என்ற பகுதிக்குள் ஒரு பத்தி: மாற்றீடு எதுவும் திட்டமிடாமல் அடித்தளங்கள் 20 ஆண்டு ஆயுள் தரும்படி வடிவமைப்பு இருக்க வேண்டும். தரவிதியைப் பின்பற்றுவது குறைந்தபட்சத் தேவை. அதைப் பின்பற்றியும் 20 ஆண்டு வராது என்றால் அதற்கு மேல் செய்ய வேண்டியது ஒப்பந்ததாரர் கடமை என்று படித்தார்கள்.

ஒப்பந்ததாரர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அப்படியும் தொகை அவர் தலையில். டெண்டர் நேரத்தில் நம் சட்டப் பிரிவு பொது நிபந்தனைகளைத்தான் வரிவரியாகப் படிக்கும். தொழில்நுட்பப் பகுதி பொறியாளர்களுக்குப் போகும். அவர்கள் அதில் கான்கிரீட் கிரேடும் எஃகுத் தரமும் தேடுவார்கள். ஆயுள் உத்தரவாதம் மாதிரி ஒரு வரி இரண்டு கூட்டத்தின் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும். டெண்டர் ஆவணத்தில் “உறுதிசெய்ய வேண்டும்”, “ஆண்டு ஆயுள்”, “நோக்கத்துக்குத் தகுந்தபடி” என்று வருகிற இடங்களை எல்லாம் தேடி எடுத்து ஒரு தனித் தாளில் போடுங்கள். கன்சல்டன்டின் தொழில்முறைக் காப்பீடு வழக்கமாக நியாயமான திறமையும் கவனமும் என்ற அளவுக்குத்தான் நிற்கும். நீங்கள் உரிமையாளரிடம் தந்த உறுதி அதைவிடப் பெரிது என்றால், நடுவில் உள்ள பள்ளத்தில் நிற்பது உங்கள் நிறுவனம் மட்டும்.

ஜூன் 12

“உரிமையாளர் தந்த தேவை ஆவணத்திலேயே பிழை இருந்தால்?” இது எந்த ஒப்பந்தம் என்பதைப் பொறுத்தது. ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பு வெளியிடும் மாதிரி ஒப்பந்தங்களில் மஞ்சள் புத்தகத்தில், அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் உரிய கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடித்திருக்க முடியாத பிழை என்றால் காலமும் செலவும் கேட்கலாம். வெள்ளி நிறப் புத்தகத்தில் சில விதிவிலக்குகள் தவிர எல்லாப் பிழையும் உங்கள் கணக்கில். நிறத்தைப் பார்த்து விலை போட வேண்டும். நம் ஊர் அரசு ஒப்பந்தங்கள் பல, மஞ்சள் மாதிரி தொடங்கி, சிறப்பு நிபந்தனைகளைப் படித்து முடிக்கும்போது வெள்ளியாகிவிடும்.

ஜூன் 15

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் ஒரு விவரம் தந்தார். அனுமதி பெற்றுப் பொதுவில் பதில் சொல்கிறேன்.

டெண்டரோடு உரிமையாளர் ஒரு கருத்துரு வரைபடம் தந்திருக்கிறார். அதில் தூண்கள் எல்லாம் சுவருக்குள் மறையும் 230 மி.மீ. அகலம். இவர்கள் அதை வைத்தே கம்பிக் கணக்குப் போட்டு விலை கொடுத்துவிட்டார்கள்.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 13920இன் 2016 திருத்தத்தின்படி தூணின் குறைந்தபட்ச அளவு 300 மி.மீ., அல்லது அந்த இணைப்பில் வரும் பீமின் பெரிய கம்பி விட்டத்தைப்போல் 20 மடங்கு, எது பெரிதோ அது. பீமில் 20 மி.மீ. கம்பி போட்டாலே 400 ஆகிவிடும். ஒன்பது அங்குலச் சுவருக்குள் தூண் ஒளிந்த காலம் போய்விட்டது. அறைகளின் உள் அளவு குறையும், கட்டில் திரும்பும் இடம் குறையும், பார்க்கிங் இடைவெளி குறையும். உரிமையாளர் “அறை அளவு நான் தந்தது, தூண் உங்கள் வடிவமைப்பு” என்பார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. விதி டெண்டருக்கு முன்பே நடப்பில் இருந்தது, கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழைதான்.

நீங்கள் செய்யக்கூடியது: இப்போதே ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்டை உட்காரவைத்து, தூண்களை இடம் மாற்றியோ எண்ணிக்கையைக் குறைத்தோ அறை அளவு கெடாத ஒரு தூண் அமைப்பு கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் அதை முதல் சமர்ப்பிப்பிலேயே காட்டுங்கள். கருத்துரு வரைபடத்தை அப்படியே சமர்ப்பித்துவிட்டு மூன்றாம் திருத்தத்தில் தூணைப் பெரிதாக்கினால், அது விதிப்படி செய்ததாகவே இருந்தாலும், தரம் குறைத்ததாகத்தான் பேசப்படும்.

கம்பிக் கணக்கு இன்னொரு கதை. டெண்டரில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 110 கிலோ கம்பி என்று போட்டு, இறுதி வரைபடத்தில் 140 வந்து நிற்பது சாதாரணம். டெண்டர் வடிவமைப்பைக் கன்சல்டன்ட் இலவசமாகச் செய்து தருகிறார். வேலை கிடைத்தால்தான் அவருக்குக் காசு. இலவசமாக வருகிற கணக்கில் எத்தனை நாள் உழைப்பு இருக்கும்? டெண்டர் கட்டத்திலேயே அவருக்கு ஒரு தொகை கொடுத்துவிடுவது மலிவு என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலையாட்டுவார்கள்.

ஜூன் 19

கடைசியாக வந்த கேள்வி: கன்சல்டன்டுக்குப் பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

வழக்கமான பிரிப்பில் கட்டுமானத்துக்கான வரைபடம் வெளியானதும் 90 சதவீதம் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் சைட்டிலிருந்து சந்தேகக் கேள்விகள் வரும், உப ஒப்பந்ததாரர்களின் ஷாப் டிராயிங் (அவர்கள் செய்யப்போகும் வேலையின் விரிவான வரைபடம்) சரிபார்க்க வேண்டும், கட்டியபடியான வரைபடம் தயாரிக்க வேண்டும். மீதிப் பத்து சதவீதத்துக்காக யாரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். நான் கேட்பது: கட்டுமான வரைபடம் வரை 65, சைட் கேள்விகளுக்கு மாதத் தவணையாக 20, ஷாப் டிராயிங்குக்கு 5, கட்டியபடியான வரைபடத்துக்கு 10. மாதத் தவணைதான் முக்கியம்; இத்தனை நாளுக்குள் பதில் என்று அதோடு கட்டிவிடலாம். சில கன்சல்டன்ட்கள் மறுப்பார்கள். அப்போது அந்த 65ஐ 70 வரை உயர்த்தி விட்டுக்கொடுக்கலாம், மாதத் தவணையை மட்டும் விட வேண்டாம்.

மேலதிகாரி இன்னும் ஆள் வைக்க ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கமெண்ட் ஷீட் வரட்டும். அதை மூன்று கூடையாகப் பிரித்து, மூன்றாவது கூடைக்கு எதிரே ரூபாய் போட்டு அவர் மேசையில் வையுங்கள்.